எழுந்து நின்றால் சரியும் பிரஷர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"படுத்திருந்தா நல்லாத்தான் இருக்கேன் டாக்டர். எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருது." சர்க்கரை நோய்க்கோ பார்க்கின்சனுக்கோ பல வருடம் மருந்து சாப்பிடுகிறவர்களில் சிலர் இதைச் சொல்வார்கள். நாம் நினைக்காமலே பிரஷரையும் வியர்வையையும் கவனித்துக்கொள்ளும் தன்னியக்க நரம்புகள் பழுதாகி, நின்றவுடன் ரத்த அழுத்தம் இறங்கிவிடும் கோளாறு இது. அவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன். மருந்துகளின் அளவைச் சொல்லியிருப்பது விவரம் தெரிவதற்குத்தான். அதைப் பார்த்து யாரும் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

எனக்கு எப்பவுமே 90/60தான் இருக்கு. எனக்கும் இந்த வியாதியா?

தலைசுற்றல் இல்லை, வேலை ஓடுகிறது என்றால் அது உங்கள் உடல்வாகு. ஒல்லியான இளம்பெண்கள் பலருக்கு அந்த அளவுதான் இருக்கும். அதற்கு வைத்தியமே தேவையில்லை. இங்கே பேசுவது வேறு ஆட்களைப் பற்றி. இவர்களுக்குப் படுத்திருக்கும்போது பிரஷர் சரியாகவோ அதிகமாகவோகூட இருக்கும். நின்றால்தான் கிணற்று வாளி போல இறங்கும். "லோ பிரஷர்" என்று ஒரே பெயரைச் சொல்வதால்தான் இரண்டும் குழம்பிப்போகிறது.

நின்றால் மட்டும் ஏன் இறங்குகிறது?

எழுந்து நின்ற சில நொடிகளில் யாருக்குமே அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள உணர்விகள் அதைக் கண்டு மூளைத்தண்டுக்குச் சொல்லும். மூளைத்தண்டு நரம்புகள் வழியாக ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்லும், நரம்பு நுனிகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைக் கக்கும், குழாய்கள் சுருங்கும். இதெல்லாம் நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். இந்த நோயில் செய்தி போகிற நரம்போ, அதை அனுப்புகிற மூளைப் பகுதியோ கெட்டிருக்கிறது. இதயம் நன்றாக இருக்கும், ரத்தமும் போதுமான அளவு இருக்கும், குழாயை இறுக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை. இ.சி.ஜி., எக்கோ எல்லாம் "நார்மல்" என்று வந்து குடும்பமே குழம்புவது இதனால்தான்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மேல்கையில் கட்டும் தானியங்கி மெஷின் ஒன்று போதும். ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடம் ஒருமுறை, மூன்றாவது நிமிடம் ஒருமுறை. நிற்கும்போது கையைத் தொங்கவிடாமல் இதய உயரத்துக்குத் தாங்கிப் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும்.

மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலோ கீழ் எண் 10 இறங்கினாலோ, நின்றால் இறங்கும் பிரஷர் என்று அதற்குப் பெயர். அதற்கு நரம்புதான் காரணமா என்பதை நாடித் துடிப்பு காட்டிக்கொடுக்கும். ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர், பார்க்கின்சன் நோயாளி, தன் டைரியில் எழுதிவந்த ஒரு வரி இது: "காலை 6.10. படுத்து 162/88, நாடி 70. நின்று 3 நிமிடம் 98/60, நாடி 76." மேல் எண் 64 இறங்கியிருக்கிறது, நாடியோ ஆறுதான் ஏறியிருக்கிறது. பேதியாகி நீர் வற்றியவருக்கு இவ்வளவு இறங்கினால் நாடி தடதடவென்று ஓடியிருக்கும். நாடி ஏறியதை மேல் எண் இறங்கியதால் வகுத்துப் பாருங்கள். 0.5க்குக் கீழே வந்தால் நரம்பின் மேல்தான் சந்தேகம். இங்கே 0.1கூட வரவில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எப்போது அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். காலையில் எழுந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து, இரவு படுக்கும் முன் என்று மூன்று வேளை, ஒரு வாரம். அந்த ஒரு தாள் எனக்கு எந்த ஸ்கேனையும்விட உதவும்.

தலைசுற்றல் தவிர வேறு என்னவெல்லாம் இருக்கும்?

பார்வை மங்கும், கால் துவளும், பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில் சொல்லைத் தேடுவார். பலர் சொல்லாமல் விடுவது பிடரியிலும் இரண்டு தோள்களிலும் வரும் வலி. சட்டை மாட்டும் ஹேங்கர் எந்த வடிவமோ அந்த வடிவத்தில் வலிக்கும். படுத்தால் போய்விடும். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று காலர் கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடவே மலச்சிக்கல், வியர்க்காமல் போவது, சிறுநீர் கழிப்பதில் சிரமம், ஆண்மைக் குறைவு இருந்தால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும்.

எதனால் வருகிறது?

நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது நீண்ட நாள் சர்க்கரை நோய். பாத நரம்பை மரத்துப்போக வைக்கும் அதே சர்க்கரை, தன்னியக்க நரம்பையும் அரிக்கும். அடுத்தது பார்க்கின்சன், அதன் உறவுக்கார நோயான லூயி உடல் மறதிநோய், மூளையின் பல பகுதிகளை ஒருசேரப் பாதிக்கும் பல அமைப்புச் சிதைவு (மல்டிபிள் சிஸ்டம் அட்ரஃபி). இந்தக் கடைசி நோயை 1960இல் ஷை, டிரேகர் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். அதற்கும் முன்னால், 1925இல், பிராட்பரி, எகிள்ஸ்டன் இருவரும் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். நின்றால் மயக்கம், நாடியில் மாற்றமில்லை, வியர்வை இல்லை, வெயில் காலத்தில் மோசம் என்று அவர்கள் அன்று குறித்ததையே இன்றும் நோயாளிகள் சொல்கிறார்கள். அமிலாய்டு என்ற புரதப் படிவு, தண்டுவடக் காயம் ஆகியவையும் காரணமாகலாம்.

தவறவிடக் கூடாத ஒன்று வைட்டமின் பி12 குறைபாடு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடமாக விழுங்குகிறவர்கள் இரத்தத்தில் பி12 பார்த்துவிடுங்கள். ஊசியால் திருப்பக்கூடிய காரணம் இந்தப் பட்டியலில் அபூர்வம். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் எல்லா அறிகுறியும் ஒரு படி கூடும்.

சாப்பிடும் மாத்திரையே காரணமாக இருக்குமா?

இருக்கும். புதிதாக ஒரு மருந்து எழுதும் முன் நான் பழைய சீட்டுகளைத்தான் முதலில் விரிக்கச் சொல்வேன். ப்ராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், பிரஷருக்கான ப்ரசோசின், நீர் பிரியும் மாத்திரைகள், நெஞ்சுவலிக்கான நைட்ரேட், கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் எல்லாமே நிற்கும் பிரஷரை இறக்கக்கூடியவை. பார்க்கின்சனுக்கான லெவோடோபாவும் இறக்கும்.

மேலே சொன்ன ஆசிரியர் ஒரு மாதத்தில் மூன்று முறை விழுந்தார். வேறொரு இடத்தில், இரவில் அடிக்கடி சிறுநீர் போகிறது என்று சொன்னதற்கு டாம்சுலோசின் கொடுத்திருந்தார்கள். பார்க்கின்சன் சீட்டு ஒரு பையில், ப்ராஸ்டேட் சீட்டு இன்னொரு பையில். இரண்டையும் ஒரே மேஜையில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை. தயவுசெய்து எல்லாச் சீட்டையும் ஒரே பையில் கொண்டுவாருங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது மயக்கத்தைவிட ஆபத்து.

மருந்து இல்லாமல் என்ன செய்யலாம்?

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். அரை லிட்டர் வெறும் தண்ணீரை மூன்று நான்கு நிமிடத்துக்குள் மடமடவென்று குடித்தால், ஐந்து பத்து நிமிடத்தில் பிரஷர் ஏறத் தொடங்கி அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். தன்னியக்க நரம்பு மோசமாகப் பழுதானவர்களுக்கு மேல் எண் 30க்கு மேல்கூட ஏறியதை 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். நல்ல நரம்பு உள்ள இளைஞருக்கு இப்படி ஏறாது. வயிற்றுக்குள் திடீரென்று வரும் உப்பில்லாத நீரை உடல் உணர்ந்து எழுப்பும் எதிர்வினை இது. அதனால் இந்த வேலைக்கு வெறும் தண்ணீர்தான். மோரோ சூப்போ அதே வேகத்தில் செய்யாது. மடக்கு மடக்காக உறிஞ்சினாலும் செய்யாது.

ஆகவே இரவே ஒரு அரை லிட்டர் பாட்டிலை நிரப்பித் தலைமாட்டில் வையுங்கள். விழித்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டு, கால் கட்டைவிரலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பத்து நிமிடம் இருங்கள். பிறகு எழுந்திருங்கள். விழுந்து இடுப்பு முறிகிற இடம் பெரும்பாலும் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள அந்தப் பத்தடிதான். நாள் முழுதுக்கும் இரண்டு, இரண்டரை லிட்டர் தேவை. மாலைக்கு மேல் குறைத்துக்கொள்ளுங்கள். விழுங்கச் சிரமப்படும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இந்த மடமட வைத்தியம் கூடாது, புரையேறும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தண்ணீரையும் உப்பையும் கூட்டக் கூடாது.

உப்பு அதிகம் சேர்க்கச் சொல்கிறார்களே?

எல்லோருக்கும் உப்பைக் குறை என்று சொல்லிவிட்டு இவர்களுக்கு மட்டும் கூட்டு என்கிறோம், ஆமாம். நாளைக்கு ஆறிலிருந்து பத்து கிராம் வரை என்பது வழக்கமான இலக்கு. ஒரு டீஸ்பூன் உப்பு கிட்டத்தட்ட ஐந்தாறு கிராம். ஊறுகாய், அப்பளம், ரசம், கருவாடு என்று சாப்பிடுகிற வீட்டில் அந்த அளவு ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். "பிரஷர்காரர்" என்று பல வருடம் உப்பில்லாமல் சமைத்துப் பழகிய வீட்டில்தான் இந்த மாற்றத்துக்குப் பலன் தெரியும். சந்தேகமிருந்தால் 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் பார்த்து முடிவுசெய்யலாம்.

கட்டிலின் தலைப்பக்கத்தை ஏன் உயர்த்த வேண்டும்? இரண்டு தலையணை போதாதா?

போதாது. தலையணை கழுத்தை மட்டும் மடக்கும். உடல் முழுவதும் சாய வேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து ஆறிலிருந்து ஒன்பது அங்குலம் உயர்த்துங்கள். முதல் இரண்டு மூன்று இரவு சறுக்கிக்கொண்டே வருவது போலிருக்கும், பிறகு பழகிவிடும்.

இந்த நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குப் படுத்தால் பிரஷர் ஏறிவிடும். ஏறிய பிரஷரைப் பார்த்துச் சிறுநீரகம் இரவெல்லாம் உப்பையும் நீரையும் வெளியேற்றும். நாலைந்து முறை எழுந்து போவார்கள், விடியும்போது உடலில் நீர் குறைந்திருக்கும். காலை வேளை மிக மோசமாக இருப்பது அதனால்தான். சாய்ந்து படுத்தால் இந்தச் சுழற்சி தளரும். ஆசிரியருக்கு இரவுச் சிறுநீர் ப்ராஸ்டேட்டால் அல்ல, இதனால்தான் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். டாம்சுலோசினை நிறுத்தி, கட்டிலுக்குச் செங்கல் வைத்த பிறகு ஐந்து முறை என்பது இரண்டு முறையானது.

சாப்பிட்டு எழுந்தால் மயக்கம் வருகிறது. இதுவும் அதுவா?

அதேதான். சாப்பாடு செரிக்க ரத்தம் குடலுக்குப் பாய்கிறது. மற்ற இடங்களில் குழாய் இறுகாததால் பிரஷர் இறங்குகிறது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இது நடக்கும். சோறு, பொரியல், சாம்பார், ரசம், மோர், அதற்கு மேல் பாயசம் என்று ஒரு கல்யாணச் சாப்பாடு போதும். மாவுச்சத்து எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இறங்கும். சூடாகச் சாப்பிட்டால் இன்னும்.

மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரியுங்கள். சோற்றைக் குறைத்து முட்டை, பயறு, மீன், காய் கூட்டுங்கள். சாப்பிடும் முன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் சாய்வு நாற்காலி. காலை உணவோடு ஒரு காபி சிலருக்கு உதவும். இவ்வளவும் செய்தும் அடங்காவிட்டால், சர்க்கரை நோய்க்குத் தரும் அகார்போஸ் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் கொடுத்துப் பார்ப்போம். மாவுச்சத்து செரிக்கும் வேகத்தை அது குறைக்கிறது. மது வேண்டவே வேண்டாம்.

காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் வாங்கவா?

முழங்கால் வரை வரும் ஸ்டாக்கிங்ஸுக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். ரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றில். இடுப்பு வரை வரும் ஸ்டாக்கிங்ஸ் வேலை செய்யும், ஆனால் சித்திரை வெயிலில், நடுங்கும் கையோடு, யார் அதைப் போட்டுவிடுவது? சிசேரியன் ஆனவர்கள் கட்டும் வயிற்று பெல்ட்டைத்தான் நான் சொல்வேன். எழும் முன் படுத்தபடியே கட்டி, படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். வேட்டிக்குள் மறைந்துவிடும், புடவைக்குள்ளும்.

கழிப்பறை, குளியல், கோயில்: எங்கே கவனம்?

இந்த மூன்றிலும்தான்.

குந்தி உட்காருவது பிரஷரை ஏற்றும், மூச்சைப் பிடித்து முக்கினால் இறங்கும், சட்டென்று எழுந்தால் விழுவார். மேற்கத்தியக் கழிப்பறை, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, மலச்சிக்கலுக்கு மருந்து. இந்த மூன்றும் மாத்திரைக்குச் சமம். ஆண்கள் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். சுடுதண்ணீர் தோல் ரத்தக் குழாய்களை விரிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கும் சனிக்கிழமை வழக்கத்தை விட்டுவிடச் சொன்னால் எனக்குத் திட்டுதான் விழும், இருந்தாலும் சொல்கிறேன்.

கோயில் வரிசையிலோ ரேஷன் கடையிலோ நிற்க நேர்ந்தால் ஒரு காலின் மேல் மற்றொன்றைக் குறுக்கே வைத்துத் தொடைகளை இறுக்குங்கள், பிட்டத்தையும் சேர்த்து. குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும் நல்லது. கண் இருட்டினால் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே குந்திவிடுங்கள், அல்லது உட்காருங்கள். நமஸ்காரம் செய்து எழும்போது யாராவது கையைப் பிடிக்கட்டும்.

என்னென்ன மாத்திரைகள் இருக்கின்றன?

மிடோட்ரின். அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்றது. ரத்தக் குழாயை நேரடியாக இறுக்கும். ஒரு வேளைக்கு 2.5 மி.கி.யில் தொடங்கி 10 மி.கி. வரை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று நான்கு மணி நேரம்தான் நிற்கும். எனவே காலை, மதியத்துக்கு முன், மாலை நாலு மணிக்குள் என்று பகலுக்குள் முடித்துவிட வேண்டும். கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி. பகலில் தூங்கப் போகிறார் என்றால் அந்த வேளையை விட்டுவிடலாம். தலையில் பூச்சி ஊர்வது போலிருக்கும், மயிர்க்கூச்செறியும். மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம்தான், பயப்பட வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்டால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், நாளைக்கு 0.1 மி.கி. சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். பலன் தெரிய ஒரு வாரம் ஆகும். பொட்டாசியம் குறையும், கால் வீங்கும், படுத்த பிரஷர் ஏறும். இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுப்பதில்லை. 0.2 மி.கி.க்கு மேல் போனால் லாபத்தைவிடத் தொல்லைதான் அதிகம்.

ட்ராக்ஸிடோபா உடலுக்குள் போய் நார்அட்ரினலினாகவே மாறும். ஜப்பானில் 1989 முதல், அமெரிக்காவில் 2014 முதல் பயன்படுகிறது. பைரிடோஸ்டிக்மின் தசைச்சோர்வு நோய்க்கான மருந்து. வேகம் குறைவு, ஆனால் படுத்த பிரஷரை அவ்வளவாக ஏற்றாது. வயிற்றைக் கலக்கும் என்பதால் மலச்சிக்கல்காரருக்கு அதுவே ஒரு உபகாரம்.

படுத்தால் 180, நின்றால் 90. எதற்கு மருந்து கொடுப்பீர்கள்?

இந்த நோயின் பெரிய தர்மசங்கடம் இது. உட்கார வைத்து ஒரே ஒருமுறை அளந்து "ஹை பிரஷர்" என்று நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரையைக் கொடுத்தால் மறுநாள் காலை விழுவார். நிற்கும் பிரஷர் இன்றைக்கே இடுப்பை முறிக்கும். படுத்த பிரஷர் பல வருடத்தில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதனால் பகலில் முதலாவதுக்கே முன்னுரிமை.

படுத்த பிரஷருக்கு முதல் வைத்தியம் படுக்காமலிருப்பது. பகலில் தூக்கம் வந்தால் சாய்வு நாற்காலியில். இரவில் செங்கல் வைத்த கட்டில். படுக்கும் முன் சின்ன சிற்றுண்டி, நாலு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ. மதியம் நமக்கு எதிரியாக இருந்த அதே மாவுச்சத்து இரவில் மருந்தாகிறது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் கணக்குப் பார்த்துச் சாப்பிட வேண்டும். அதற்கும் மேலே 180 தாண்டி நின்றால், சீக்கிரம் அடங்கும் பிரஷர் மருந்தைப் படுக்கும்போது மட்டும் தருவோம். அந்த இரவுகளில் சிறுநீருக்கு எழுந்து போகக் கூடாது, கட்டிலருகே பாத்திரம் வேண்டும்.

மயக்கம் சர்க்கரை குறைந்ததாலா, பிரஷர் குறைந்ததாலா?

இரண்டு மெஷினும் வீட்டில் இருந்தால் இரண்டையும் பாருங்கள். படுக்க வைத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்தால் பிரஷர். படுத்தும் குழப்பமாகவே இருந்தால் சர்க்கரையைச் சந்தேகியுங்கள். அளக்க வழியில்லை, விழுங்கும் நினைவு இருக்கிறது என்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். தாழ் சர்க்கரையைத் தவறவிடுவதுதான் பெரிய ஆபத்து.

கண்முன்னே சரிந்தால்?

தூக்கி உட்கார வைக்காதீர்கள். எல்லா வீட்டிலும் செய்யும் தவறு இது. தரையில் படுக்க வைத்துக் கால்களை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சில நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, நெஞ்சுவலி, ஒரு பக்கம் செயலிழப்பு, கறுப்பாக மலம் போவது இருந்தாலோ 108ஐ அழையுங்கள். அது இந்த நோயின் வழக்கமான மயக்கம் அல்ல.

பிரஷர் எவ்வளவு வந்தால் போதும்? முழுசா குணமாகுமா?

பி12 குறைபாடு, மருந்துகளின் விளைவு போன்ற காரணங்களைத் தவிர, போன நரம்பு திரும்பாது. எண்ணை 120க்குக் கொண்டுவருவது என் இலக்கும் அல்ல. ஒருவர் 85இல் பேசிக்கொண்டே நிற்பார், இன்னொருவர் 100இல் தடுமாறுவார். எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, நின்று என்ன செய்ய விரும்புகிறார் என்றுதான் கேட்பேன்.

ஆசிரியர் கேட்டது நின்றுகொண்டு முகச்சவரம். மனைவி எதிரில் கண்ணாடி பிடிக்க, உட்கார்ந்து செய்துகொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர், செங்கல், பெல்ட், காலையிலும் மதியத்துக்கு முன்பும் 5 மி.கி. மிடோட்ரின் என்று இரண்டு மாதம் ஆனது. டைரியில் கடைசியாக நான் பார்த்த வரி: "நின்று 3 நிமிடம் 112/66. சவரம் முடிந்தது. மீசை மட்டும் நாற்காலியில்."